முழுசு என்று எழுதிய தட்டு

ஆஸ்பத்திரி சமையற்கட்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவளை எல்லோரும் தட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சமைப்பதில்லை, பரிமாறுவதுமில்லை. வார்டிலிருந்து திரும்பி வரும் தட்டுகளைப் பார்த்து, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அட்டையில் எழுத வேண்டும். கால், அரை, முக்கால், முழுசு. அந்த அட்டையைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்ததை யோசிப்பார். அவள் கண்ணில் யாராலும் மண்ணைத் தூவ முடியாது. சோற்றைத் தட்டின் ஓரத்துக்குப் பரப்பி, முட்டையை அடியில் புதைத்து, சாப்பிட்டதுபோலக் காட்டும் வித்தையெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. ஓர் அறை, ஒரு ஜன்னல், ஓர் ஆள். சில மாதங்களாக, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்கிறது. கரண்டி தட்டில் உரசும் சத்தம். மெதுவாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. பக்கத்து வீடு என்று நினைத்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பாட்டுக்கு அடியிலும் அது கேட்டது.

அக்காவின் கரண்டி அது. அக்கா போய்ப் பன்னிரண்டு வருஷம்.

அன்று அக்கா மகள் வந்திருந்தாள். தையல்காரி. வந்ததும் டேப்பை எடுத்துவிட்டாள்.

“சித்தி, கையைத் தூக்குங்க. உங்க ரவிக்கையை இந்த வருஷம் மூணாவது தடவை பிடிச்சுத் தைக்கிறேன். இன்னும் பிடிச்சா முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கும்.”

“வயசானா வத்தத்தானே செய்யும்?”

“டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க? வயசான பொம்பளைங்களுக்குப் பசி சொல்லிக்காம போயிடும், பசிக்கட்டும்னு காத்திருக்காதீங்கன்னாங்க. வேளாவேளைக்குப் பருப்போ முட்டையோ மீனோ உள்ள போகணும், இல்லேன்னா சதை கரைஞ்சிடும், விழுந்தா எலும்பு தாங்காதுன்னாங்க. நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“சோறு, பருப்பு, முட்டை.”

“எவ்வளவு?”

“முழுசா.”

“நீங்க சொன்னா சரிதான். தட்டம்மாவாச்சே!” என்று சிரித்தவள், டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “அம்மாவும் கடைசி வரைக்கும் நல்லா சாப்பிட்டாங்க. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்.”

தட்டம்மா தூக்கிய கையை இறக்கினாள்.

அக்கா அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாள். முதல் நாளே தட்டு, பரப்பிய சோற்றோடு திரும்பி வந்தது. தட்டம்மா மாடிக்கு ஓடினாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “கால்னு எழுதினா மூக்குல குழாயை விட்டுடுவாங்கடி. முழுசுன்னு போடு. என் தங்கம் இல்ல?” பத்தொன்பது நாள் தட்டம்மா முழுசு என்றே எழுதினாள். நன்றாகச் சாப்பிடுகிறவள் ஏன் இளைக்கிறாள் என்று டாக்டர் வேறு வியாதிகளைத் தேடிக்கொண்டிருந்தார். இருபதாம் நாள் காலையில், குளியலறை வாசலில் அக்காவின் கால் துவண்டது. இடுப்பெலும்பு போயிற்று. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

“நீங்க சாப்பிடுங்க சித்தி. நான் இதைப் பிரிச்சுத் தைச்சிடறேன்.” அக்கா மகள் ஜன்னலோரம் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

தட்டம்மா தட்டை எடுத்துவைத்துக்கொண்டாள். நாலு வாய் இறங்கியது. பிறகு சத்தம் தொடங்கியது. மிக அருகில். மகளைப் பார்த்தாள், அவள் கையில் ஊசிதான் இருந்தது. மெல்லத் தலையைக் குனிந்தாள்.

சோறு ஓரமெல்லாம் பரவியிருந்தது. முட்டையைக் காணோம். கரண்டி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது, அவளுடைய கையில்.

திரும்பிப்போகும் தட்டைப் பார்க்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? யாரை ஏமாற்ற?

“இங்க வா. எவ்வளவு சாப்பிட்டிருக்கேன், சொல்லு.”

மகள் எட்டிப் பார்த்தாள். “முக்கால் இருக்கும்.”

“சோத்தைக் கிளறிப் பாரு.”

முட்டை முழுசாக வெளியே வந்தது.

“உங்கம்மா தட்டும் இப்படித்தான் வந்துச்சு. தினமும். நான்தான் முழுசுன்னு எழுதினேன்.”

மகள் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த நூல் தரைவரை தொங்கியது. “நல்லா சாப்பிட்டாங்கன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?” என்றாள் கடைசியில்.

பிறகு கரண்டியை வாங்கி, ஓரத்துச் சோற்றையெல்லாம் நடுவுக்கு இழுத்தாள். முட்டையைப் பிட்டு மேலே வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

“கோபமா?”

“சாப்பிடுங்க.”

ஒவ்வொரு வாயும் கல்லாக இறங்கியது. பாதிக்குமேல் முடியவில்லை. மகள் தட்டைப் பார்த்தாள். துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் சுவரில் எழுதினாள்: அரை. போகும்போது சாக்பீஸை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானமும் அந்தச் சத்தம் கேட்டது. தட்டம்மா ரேடியோவைத் தொடவில்லை.

“இல்லக்கா, உள்ளதைத்தான் எழுதுவேன்” என்று எதிர் நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சோற்றை நடுவுக்கு இழுத்தாள்.