டெல்பர்ட் போட்ட மஞ்சள் குறி

ஃபிளின்ட் நகரத்தில் பழைய கார்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஆர்வில் யானெசெக் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. கார்த் தொழிற்சாலையில் தகடு அடித்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கராஜில் யாருடைய காரையாவது நட்டு நட்டாகப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பார். அடுத்தவன் செய்த வேலையைக் குறை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "பளபளன்னு ஆக்கத் தெரிஞ்சா போதுமாய்யா? எதைத் தொடக்கூடாதுன்னு தெரியணும்" என்று நண்பர்களைப் போட்டு வாட்டுவார்.

அந்த வாய்தான் அவரைக் கெடுத்தது.

பக்கத்து வீட்டு ரமோனா டட்டில் தன் கணவர் டெல்பர்ட்டின் காரை அவரிடம் ஒப்படைத்தாள். 1970-இல் வந்த இரண்டு கதவு வண்டி, எட்டு சிலிண்டர், முடுக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். டெல்பர்ட் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அவர் அசெம்பிளி லைனில் கடைசிச் சோதனை பார்ப்பவர். தான் பார்த்துவிட்ட வண்டியில் மஞ்சள் மெழுகுக் கிரேயானால் ஒரு வட்டமும் அதற்கொரு வாலும் போடுவார். தானே குறி போட்ட ஒரு வண்டியைப் பின்னாளில் தேடிப் பிடித்து வாங்கியதுதான் இது. இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் அந்தக் குறி ஐம்பது வருஷமாக அப்படியே இருந்தது.

"என்ன வேணா பண்ணு ஆர்வில். அதை மட்டும் தொடாத."

"எனக்கே சொல்றியா ரமோனா? உன் புருஷன் எனக்கும் சினேகிதன்தான்" என்று ரோஷப்பட்டார் ஆர்வில். இருந்தாலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

இன்ஜினை வெளியே தூக்கிய அன்று அவருக்கு நல்ல உற்சாகம். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. பெயின்ட் உரிக்கும் மருந்தைப் பிரஷ்ஷில் தோய்த்து எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்த இடமெல்லாம் தடவிக்கொண்டே போனார். வழித்தெடுத்தபோது தகடு வெள்ளி மாதிரி மின்னியது. "ஆஹா" என்றுகூடச் சொன்னார். அப்புறம்தான் கையிலிருந்த கந்தலைப் பார்த்தார். மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது; குறியில் மிச்சம் அவ்வளவுதான்.

அப்போதே வேலி தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து எட்டு தூரம். அந்தப் பத்து எட்டு அவரால் வைக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய மனுஷன் அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? புதுப் பெயின்ட் காய்ந்ததும், போனில் இருந்த படத்தைப் பார்த்து வட்டத்தையும் வாலையும் வரைந்தார். பழைய வண்டிக்காரர்கள் இப்படித் தொழிற்சாலைக் குறிகளைத் திரும்ப வரைவது வழக்கம்தான். அதில் ஒரு குற்றமும் இல்லை. சொல்லிவிட்டுச் செய்வார்கள், அதுதான் வித்தியாசம்.

வண்டி முடிந்ததும் ரமோனா வந்தாள். பானெட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"பாரேன், கோணல் வட்டம். என் மனுஷனுக்கு ஒரு வட்டம் ஒழுங்கா போட வராது" என்று சிரித்தாள். சிரித்தபடியே உடைந்து அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்த தன் கையை வெட்டிப் போடலாம் என்று இருந்தது ஆர்வில்லுக்கு. அப்போதும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் கார் கண்காட்சி. வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ரமோனா உட்கார்ந்திருந்தாள். நடுவர் ஹேவர்கேம்ப் டார்ச் அடித்துப் பார்த்தார், ஆர்வில்லின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"யோவ், எமகாதகன்யா நீ! எத்தனை பேர் குறி வரைஞ்சு பாத்திருக்கேன், எல்லாம் ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். நீ அந்தக் கோணல் மொதக்கொண்டு கொண்டாந்துட்டியே! படத்தைப் பாத்து வரைஞ்சதா?"

ஆர்வில் ரமோனாவின் பக்கம் திரும்பினார். ஹேவர்கேம்ப் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

ரமோனா எழுந்து வந்தாள். "பழசு எங்க?"

"மருந்துல போயிடுச்சு. நாந்தான்… கவனிக்கல."

"அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

"வெக்கமா இருந்துச்சு, ரமோனா."

"அவர் செத்தன்னைக்குக்கூட எனக்கு அழுகை வரல. ஒரு வருஷம் கழிச்சு உன் கராஜ்லதான் வந்துச்சு. அந்த அழுகையையும் உன் கிறுக்கலைப் பாத்து அழுதுட்டேன்."

மைக்கில் முதல் பரிசுக்கு ஆர்வில் யானெசெக் என்று கூப்பிட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டி வழிவிட்டார்கள்.

"போ. உன்னத்தான் கூப்பிடறாங்க" என்றாள் ரமோனா.