ரப்பர் சக்கரம் கேட்டவள்

ரோல் அக்காவுக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது. பிளாஸ்டிக் பை அச்சிடும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக ஃபிலிம் ரோல் சுற்றும் மெஷினில் நிற்கிறாள். அந்த இடத்தில் ஒரு பெண் நிற்பதற்கே ஆறு மாதம் மல்லுக்கட்டியவள்.

இப்போது அந்த இடத்துக்கே வேட்டு வந்தது. ஒரு மாதமாக, ரோலை இறக்கப்போய் இரும்புத் தள்ளுவண்டியைத் தொட்டால் சுளீரென்று ஷாக். இரண்டு தரம் கையை உதறி ரோலைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்திலேயே மை கரைக்கும் தின்னர். ஒரு பொறி போதும், எல்லாம் சாம்பல்.

"உங்களுக்கு நரம்புத் தளர்ச்சிம்மா. திங்கட்கிழமையிலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"வண்டியில கோளாறா இருந்தா?"

"வண்டியில ஏதும்மா கரண்டு? கரண்டு ஏறுறது ரோல்லதான், வண்டி அது மேல படக்கூட இல்லையே!"

அதுதான் அவளையும் குடைந்தது. மூன்று நாள் சாப்பாட்டு வேளையை அதற்கே கொடுத்தாள். வேகமாகச் சுற்றிய ரோலில் மின்சாரம் ஏறியிருக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. காகிதத் துணுக்குகள் தாவிப்போய் ஒட்டிக்கொள்ளும். மர ஸ்டூலை ரோலருகே வைத்துத் தொட்டாள், ஒன்றுமில்லை. வண்டியைத் தூர நிறுத்தித் தொட்டாள், பரம சாது. ரோலுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தித் தொட்டாள். சுளீர்!

ஃபிட்டரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள்.

"மரத்துல இருக்கிற மின்சாரம் இடத்தை விட்டு ஓடாதுக்கா. இரும்புல ஓடும். ரோல் கிட்ட வந்தாலே போதும், தொடவே வேணாம். வண்டி இரும்புக்குள்ளயே இருக்கிற மின்சாரம் ரெண்டாப் பிரிஞ்சு, பாதி ரோல் பக்கம் ஒதுங்கும், மீதி கைப்பிடிப் பக்கம் ஒதுங்கும். கைப்பிடியில இருக்கிறது வெளிய போக வழி தேடும். உங்க கைதான் வழி."

"இத்தனை வருஷமா ஏன் அடிக்கல?"

"அப்ப இரும்புச் சக்கரம். அது வழியாவே தரைக்கு இறங்கியிருக்கும். ரப்பர் விடாதே!"

அவளுக்குப் பகீரென்றது. வண்டிச் சத்தம் காதைப் பிளக்கிறது என்று ஆளாளிடம் கையெழுத்து வாங்கி, போன மாதம் ரப்பர் சக்கரம் போட வைத்தவளே அவள்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லாமல் விட்டால் அந்தச் சக்கரம்தான் காரணம் என்று ஃபிட்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் மெஷின் கைவிட்டுப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை எல்லாரும் கூடியிருக்க, வண்டிக்கு அடியில் தரையில் புரளும்படி ஓர் இரும்புச் சங்கிலியைக் கட்டினாள்.

"ரப்பர் சக்கரம் கேட்டது நான்தான் சார். தப்பு என்னோடதுதான், ஆனா நரம்புல இல்ல."

அப்போதுதான் சுற்றி நிறுத்திய ரோல் அருகே வண்டியைத் தள்ளி, கைப்பிடியைப் பத்து தரம் தொட்டாள். ஒரு சின்னச் சுருக்குக்கூட இல்லை.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "சரிம்மா, பேக்கிங் வேணாம். மெஷினைப் போடுங்க."

அவள் சுவிட்சைத் தொடவில்லை.

"மிச்சம் ஆறு வண்டிக்கும் சங்கிலி கட்டிட்டுப் போடறேன் சார்."

"அதெல்லாம் எப்பவாவது இங்க வர்ற கிடங்கு வண்டி. அதுல எதையும் நீங்க தொடப்போறதில்லையேம்மா!"

"தொடறவங்களுக்கும் உயிர் ஒண்ணுதான் சார்" என்று தரையில் உட்கார்ந்து அடுத்த வண்டியை இழுத்தாள்.