குறி தப்பிய துவக்கு

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை என் துவக்கு தன் எண்ணத்துக்குச் சுடத் தொடங்கியது. மார்க்கம் நகருக்கு வடக்கே, பண்ணைகளுக்கு நடுவில் இருக்கும் சூட்டுத் திடலில் நூறு யார் தூரத்தில் குறி வரைந்த கடதாசி கட்டியிருந்தோம். முதல் தோட்டா நடுவில் பட்டது. இரண்டாவது ஒரு சாண் இடப்பக்கம் போனது. மூன்றாவது மேலே. நான் குறி பார்க்கும் ஸ்கோப்பின் குமிழைத் திருகினேன். அடுத்தது கடதாசியிலேயே படவில்லை. திரும்பவும் திருகினேன்.

பின்னால் எங்கள் வேட்டைக் கூட்டம் நின்றது.

"ஸ்கோப் பழுதாப் போட்டுது. புதுசொண்டு வாங்கும்," என்றார் ஒருவர்.

"ஸ்கோப்பிலை என்ன பிழை? ஆளின்ரை கை நடுங்குது. காட்டுக்கை இவருக்குப் பக்கத்திலை நிக்கிற மானுக்குத்தான் ஆயுசு கெட்டி," என்றார் மற்றவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பதில் சொல்ல வராது. நானும் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

சிரிக்காத ஒருவர் என் நண்பர். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். இருவரும் ஒரே தொழிற்சாலையில் கார்ப் பாகங்கள் பூட்டுகிறோம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வேட்டைச் சோதனைக்கான புத்தகத்தை எனக்குச் சாப்பாட்டு நேரங்களில் வாசித்துக் காட்டியவர் அவர்தான். தானும் அப்போதுதான் முதல் தடவை அறிவதுபோல, "இதைக் கேட்டீரோ மச்சான், மானுக்குச் சிவப்பு நிறம் தெரியாதாம்," என்று வாசிப்பார். எனக்கு வெட்கம் வராமல் பார்த்துக்கொண்டார் என்பது நான் பாஸான பிறகுதான் விளங்கியது.

"உதைத் திருகாதையும்," என்றார் இப்போது. "என்ன பிழையெண்டு தெரியமுதல் நீர் இன்னொரு பிழையைச் சேர்க்கிறீர்."

என் இடத்தில் குந்தி, மண்மூட்டையில் துவக்கை வைத்து அவரே சுட்டார். அவருடையதும் சிதறியது. எழும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவரின்ரை கையிலை ஒரு பிழையுமில்லை," என்றார். கூட்டம் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டது. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஆனா மச்சான், திங்கட்கிழமைக்கு முன்னம் இது சரிவராட்டி உம்மைச் சுட விடமாட்டன். காயத்தோட ஓடுற மானை ஆர் தேடுறது? சமையலுக்கு நில்லும்."

அவர் சொன்னது நியாயம். ஆனாலும் அந்த ஒரு கிழமைக்காகத்தான் வருடம் முழுக்க லீவைச் சேர்த்து வைத்திருந்தேன்.

அவர் அவசரப்படவில்லை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் இறுக்கம். ஒரே பெட்டித் தோட்டாக்களை மட்டும் எடுத்தார். சிதறியது. தன் ஸ்கோப்பைக் கழற்றி என் துவக்கில் பூட்டினார். "இப்ப நடு பிசகலாம். ஆனா எல்லாம் ஒரு இடத்திலை விழோணும்," என்றார். விழவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார். மாற்றியதும் குழல் ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்றார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் படபடப்பும் அடங்கிவிட்டது.

"கவனிச்சீரோ? குழல் ஆறினவுடனை சுடுறது எப்பவும் ஒரே இடத்துக்குத்தான் போகுது. சூடேறத்தான் அலையுது. குழல் எங்கையோ முட்டுது."

குழலுக்கும் கீழே இருக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கடதாசித் துண்டை விட்டு இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்த கடதாசி பாதியில் நின்றது. மரத்தைக் கழற்றினோம். உள்ளே மஞ்சளாக ஏதோ கட்டிபட்டிருந்தது. அவர் சுரண்டி மணந்து பார்த்தார்.

"என்ன கோதாரி, சந்தனம் மணக்குது!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆயுத பூசைக்கு மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் என் கார்ச் சாவி, மனைவியின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். துவக்கை வீட்டுக்குள் பெட்டியிலிருந்து எடுக்கவே விடாதவள் அன்று, "இஞ்சாருங்கோ, உதையும் கொண்டுவாங்கோ. வீட்டிலை இருக்கிறதெண்டா சாமிக்குப் பயந்து இருக்கட்டும்," என்றாள். பயத்தில் அள்ளித்தான் வைத்தாள். வழிந்ததை நான் வெளியில் மட்டும் துடைத்தேன்.

சொல்லி முடித்ததும் நண்பர் வாங்குப் பலகையில் குந்திக் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஒரு ஐஸ்கிரீம் குச்சியால், பல்லுக் கழுவுகிற வைத்தியரின் கவனத்தோடு, அதைச் சுரண்டி எடுத்தார். திரும்பப் பூட்டி, என் ஸ்கோப்பையும் போட்டு, நடுவைச் சரிசெய்து, "இனி நீரே சுடும்," என்றார். மூன்று தோட்டா சுட்டேன். மூன்று ஓட்டையையும் என் பெருவிரலால் மறைக்கலாம்.

தேத்தண்ணி குடித்து வந்தவர்கள் என்ன பிழை என்று கேட்டார்கள். நண்பர் என்னைப் பார்த்தார். "உள்ளுக்கை கொஞ்சம் ஊத்தை," என்றார். அவ்வளவுதான்.

திங்கள் காலையில் பனிக்குள்ளிருந்து ஒரு மான் வந்து பக்கவாட்டில் நின்றது. ஒரே ஒரு தோட்டா. நின்ற இடத்திலேயே மடிந்தது. நண்பர் வந்து தோட்டா பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தார். "அதுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது," என்று தொப்பியைக் கழற்றினார்.

அன்று இரவுச் சமையலுக்கும் நான்தான் நின்றேன். ஈரல் பிரட்டல் வெந்துகொண்டிருக்கும்போது, சந்தனக் கதையை நானே சொல்லத் தொடங்கினேன். கூட்டம் முழுவதும் பேச்சை நிறுத்திக் கேட்டது. நண்பர் முதல் தடவை கேட்பவர்போல, "பிறகு?" என்றார்.