குச்சி வைக்காத இறால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கோச்சடை வீட்டுக்கு அத்தையைப் பெண் பார்க்க வந்த நான்காவது கூட்டம் அது. முன்னால் வந்த மூன்றும் காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனவை. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் பலகாரம் அப்படியே மிஞ்சும். எனக்கு அதில் வருத்தமில்லை. அப்பாவுக்கு இருந்தது.

மெட்ராஸில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்த சித்தப்பா இதற்கு ஒரு வழியோடு வந்தார். ஒரு கிலோ இறால், ஒரு டப்பா பல்குச்சி.

"குச்சியில குத்தி, சாஸ்ல தொட்டு வாயில போட்டுக்கிற வேண்டியதுதான். கையில ஒண்ணும் ஒட்டாது. இது சாப்பாட்டுக் கணக்குலயே வராதுண்ணே."

நாக்கு இளகினால் மனசும் இளகும் என்பது அவர் கணிப்பு. பெண் பார்க்கிற நாளில் கவுச்சியா என்று அம்மா முகம் சுளித்தாள். வரப்போகும் உசிலம்பட்டி மாப்பிள்ளையை ஒரு கல்யாண வீட்டில் அத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

இறால் நாற்பத்தேழு. முதுகு நரம்பு எதிலாவது தங்கி, வந்தவர்களுக்கு வயிற்றுவலி வந்துவிடுமோ என்ற கவலையில் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சித்தப்பா மிளகாய்த்தூளும் சோளமாவும் பிசறிப் பொரித்தார். காளவாசலில் நாலு கடை ஏறி இறங்கி நான் வாங்கி வந்த தக்காளி சாஸில், பூண்டும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு எலுமிச்சை பிழிந்தாள் அத்தை. கெட்டியாக இருக்கட்டும் என்றார் சித்தப்பா. அவர் திரும்பியதும் அவள் தண்ணீர் ஊற்றினாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். அத்தை தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குச்சி இல்லை. சித்தப்பா அடுப்படிக்குத் தேடிப் போனார். அத்தையின் இடுப்புச் சேலையில் டப்பாவின் முனை எனக்குத் தெரிந்தது. பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சபையில் வாயைத் திறந்தால் அதட்டுவார்கள் என்பதால் சும்மா இருந்தேன்.

பெரியவர்கள் இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஓர் இறாலை எடுத்து சாஸில் முக்கினார். பிறகு இன்னொன்று. ஒன்பதாவதில் சாஸ் முழங்கைவரை வழிந்தது. அவர் எழுந்து அப்பாவைப் பார்த்தார்.

"கை கழுவ எங்கிட்டுப் போகணும் மச்சான்?"

மச்சான் என்றதும் அப்பா துள்ளி எழுந்து கொல்லைப்பக்கம் கை காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா பேசினார்.

"ஏன்டா, வீட்டுல ஒனக்குச் சோறே போடலையா? அப்புறமென்னண்ணே, இவன் கை நனைச்சுட்டான். நாளப் பாருங்க."

அவர்கள் போனபின் சித்தப்பா தன் கைப்பக்குவத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மிச்ச இறாலை எண்ணலாமென்று நான் அடுப்படிக்குப் போனேன். அத்தை தனியாக நின்றிருந்தாள். அடுத்தவர் வாய் வைத்த தம்ளரை இரண்டு தரம் கழுவாமல் தொடாதவள், மாப்பிள்ளை தொட்டுத் தின்ற கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

பாவம், காலையிலிருந்து பட்டினி போல என்று நினைத்து, அத்தைக்குச் சோறு போடச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன்.