அக்கா சொன்ன அஞ்சரை

காசிமேட்டில் மீன் விற்கும் தேவி அக்காவுக்கு, அன்றைய மீன்களைக் காட்டும் இணையதளம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் எழுதியது. விடியற்காலையில் அவர் புதுப் பட்டியல் போட்டாலும், நேற்றைய மீன்தான் தெரிந்தது.

“கூடைல சங்கரா கீது, இது வஞ்சிரம்னு காட்டுது நைனா. அஞ்சரைக்கு அப்பாலதான் சரியாவுது. ஒரே பேஜாரு!”

“உங்க போன்லதான் கோளாறு,” என்று எரிந்து விழுந்தேன்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஃபிரேம்வொர்க்கை எழுதியவர்களின் இணையப் பக்கத்தில் போய்த் திட்டித் தீர்த்தேன். முகம் தெரியாத ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: “தினமும் எத்தனை மணிக்குச் சரியாகிறது?”

அப்போதுதான் உறைத்தது. இணையதளத்தைத் தாங்கும் சர்வர் கணினி கிரீன்விச் நேரத்தில் ஓடியது. அங்கே தேதி மாறும்போது இங்கே காலை ஐந்தரை; அதுவரை அது நேற்றைய பட்டியலைத்தான் காட்டும்.

கேள்வி கேட்டவருக்கு உடனே நன்றி எழுதினேன். முதல் நாளே பதில் சொன்ன அக்காவிடம் மன்னிப்பு கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.