வேப்பெண்ணெய்ப் போத்தல்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். அதன் வால்வுகள் எஞ்சினுக்கு மேலே மூடியில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். புறப்படும் முன் அவற்றுக்கு நாலு சொட்டு எண்ணெய் விடவேண்டும். ஓடும்போது அது என் கால்சட்டையில்தான் தெறிக்கும்.

ஹட்டனுக்குப் பெண் பார்க்கப் போன காலையில் வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தேன். அது அழுக்காகக் கூடாதென்று எண்ணெய் விடாமலேயே கிளம்பினேன். பாதி ஏற்றத்தில் வால்வு கிறீச்சிட்டு இறுகி, வண்டி நின்றுவிட்டது.

கொழுந்து பறிக்கப் போன ஒரு பெண் நின்றாள்.

"என்னங்க மாஸ்டர், வெள்ளையும் சொள்ளையுமா நடுரோட்டுல?"

"பொண்ணு பாக்கப் போறேன். எண்ணெ இல்லாம நின்னுருச்சு."

கூடையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தந்தாள். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தடவும் வேப்பெண்ணெய்.

"ஊத்துங்க. எனக்கு மலைக்கு நேரமாச்சு."

முழுவதையும் ஊற்றினேன். வால்வு இளகியது. பெண் வீட்டில் என் கால்சட்டைக் கறையை யாரும் பார்க்கவேயில்லை; வேப்பெண்ணெய் வாசத்துக்குத்தான் மூக்கைச் சுளித்தார்கள்.

மாலையில் திரும்பும்போது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் மழையில் நின்றிருந்தாள். முழங்காலுக்குக் கீழே அட்டைகள் கடித்து இரத்தம் வழிந்திருந்தது. ஹட்டன் கடைத்தெரு முழுக்கச் சுற்றிய என் பையில் அவளுடைய போத்தல் காலியாகவே கிடந்தது. கூசியபடி நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு கேட்டாள்: "பொண்ணு புடிச்சிருந்துச்சுங்களா?"

வேப்பெண்ணெய் வாசம் வந்தால், நான் பெண் பார்க்க வந்த நாளைச் சொல்லி என் மனைவி இன்றும் சிரிப்பாள். எனக்கு அந்தக் கால்கள்தான் ஞாபகம் வரும்.