உதட்டால் திசை காட்டும் ஒத்தீலியா

டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே உதட்டைக் குவித்து இடப்பக்கம் நீட்டினால் பேர்ல் லகூன் படகு. வலப்பக்கம் நீட்டினால் எல் ராமா படகு. புளூஃபீல்ட்ஸ் படகுத்துறையின் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒத்தீலியா பத்தொன்பது வருடமாக இப்படித்தான் ஆட்களை அனுப்பிவைக்கிறாள். "கைக்கு வேலை இருக்கு, வாய்ல தேங்காய் ரொட்டி இருக்கு. உதடு சும்மாதானே கெடக்கு?" என்பாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

லகூன் பக்கம் தண்ணீர்க் குழாய் போட வந்த பின்லாந்துக்காரர் யூஹானிதான் தப்பாக நினைத்தார். நெட்டை மனிதர், பேச்சு குறைவு. எந்தப் படகு என்று கேட்டார். ஒத்தீலியா உதட்டைக் காட்டினாள். அவர் காது சிவந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். படகு போய்விட்டது. மறுநாளும் அதே கேள்வி, அதே பெஞ்சு. மூன்றாம் நாள், "பாவம், கண்ணு சரியாத் தெரியல போல" என்று ஒத்தீலியா இன்னும் அழுத்தமாகக் குவித்துக் காட்டினாள்.

நான்காம் நாள் அவர் முகச்சவரம் செய்து, கையில் கேக்கோடு வந்தார். மனப்பாடம் செய்த ஸ்பானிஷில் தட்டுத்தடுமாறி, "அம்மா, உங்க அன்புக்கு நன்றி. ஆனா எனக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கா" என்றார்.

வரிசை கொல்லென்று சிரித்தது.

"என்ன அன்பு? நான் எப்பய்யா குடுத்தேன்?"

அவர் கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்து, உதட்டைக் குவித்துக் காட்டினார். ஒத்தீலியாவுக்கு ரொட்டி தொண்டையில் நின்றது.

"அட கடவுளே, நானா இப்படிப் பண்றேன்?"

"ஆமாக்கா!" என்றது வரிசை.

அவரை அவளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றினாள். படகுச் சங்கத் தலைவர் அவளைச் சும்மா விடவில்லை. "ஒரு ஊரே நாலு நாளா தண்ணிக்குக் காத்துக் கெடந்துருக்கு. இன்னொரு ஆளு படகை விட்டா, கூண்டுல வேற ஆள்தான்."

அன்றிலிருந்து உதடு குவியாமலிருக்கப் பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் விரல்தான். இப்போது ஊர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். இறால் பிடிக்கும் வில்ஃப்ரெட், "ஏன்க்கா, விரல நீட்டுற? நான் என்ன திருடனா?" என்று சண்டைக்கே வந்துவிட்டான்.

அதன் பிறகுதான் டிக்கெட் கிழிக்கும் முன் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கப் பழகினாள். உள்ளூர்க்காரருக்குப் பென்சிலை எடுத்துவிடுவாள். மற்றவர்களிடம், "நான் எந்தப் படகு சொன்னேன்? நீங்க சொல்லுங்க பாப்போம்" என்பாள். சிலர் அதற்கும் கோபிக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜப்பானியத் தம்பதி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இடுப்பு வளைய வணங்கினார்கள்.

"இதுக்கு நான் என்ன செய்யணும்?" என்று அவர்களிடமே கேட்டாள். புரியாமல், இன்னும் தாழக் குனிந்தார்கள்.

ஒத்தீலியா முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கூண்டுக்குள் குனிய இடமில்லை. நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி, அவர்கள் நிமிரும்வரை அப்படியே நின்றாள்.